ஊர் கொடுத்த வாக்கு

கொடுங்கல்லூரில் பஸ் ஏறி, "மாள, இரண்டு டிக்கெட்" என்று கேட்டபோது எனக்கே சற்றுச் சங்கடமாக இருந்தது. தமிழ்க் காதுக்கு அது 'சாக' என்று கேட்கிறது. அந்த ஊர்ப் பெயருக்கும் நம்முடைய சொல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும், நானும் என் வக்கீல் சிநேகிதரும் அங்கே பார்க்கப் போனது ஓர் இடுகாட்டைத்தான்.

கொடுங்கல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தோம். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. இலைச் சாப்பாடும் ஆயிற்று. ரயிலுக்கு இரவு வரை நேரம் இருந்தது. பகவதி கோயிலுக்கு இன்னொரு தடவை போகலாம் என்றார் சிநேகிதர். "பக்கத்திலே யூதர்களின் இடுகாடு ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து வரலாமா?" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாண வீட்டிலிருந்து நேரே மயானத்துக்குப் போக நினைக்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பது? ஆனால் வக்கீல்களுக்கென்று ஒரு பலவீனம் உண்டு. "அந்த இடத்தைப் பற்றி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதை மீறிவிட்டதாக ஊரிலே ரொம்ப நாளாகச் சண்டை" என்று சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேரளத்து யூதர்களின் கதை நம்மில் பலருக்கும் கொஞ்சம் தெரிந்ததுதான். கொச்சிக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு, சீனத்து ஓடு பதித்த தரையைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே ஒரு செப்பேடு உண்டு. கி.பி. 1000 வாக்கில், பாஸ்கர ரவிவர்மன் என்கிற சேர மன்னன், யோசேப்பு ரப்பான் என்கிற யூதத் தலைவருக்குக் கொடுத்தது அது. எழுத்து நம்முடைய பழைய வட்டெழுத்து. பகல் விளக்கு, குடை, பல்லக்கு, நடைபாவாடை என்று 72 உரிமைகளை அந்த மன்னன் அவருக்கு வழங்கினான். எத்தனை காலத்துக்கு? உலகமும் சந்திரனும் இருக்கிற வரைக்கும். அந்தக் காலத்து ராஜாக்களுக்கு இதற்குக் குறைவாக வாக்குக் கொடுக்கத் தெரியாது.

மட்டாஞ்சேரியோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. பரவூர், சேந்தமங்கலம், மாள என்று உள்நாட்டு ஊர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். கடைகண்ணி வைத்திருந்தார்கள். அயலாரோடு மலையாளம் பேசினார்கள். அவர்களுடைய பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். பல நூற்றாண்டு இங்கே இருந்தும், யூதர் என்பதற்காக அவர்களை இந்த நாட்டு ராஜாக்கள் வெட்டவில்லை, விரட்டவில்லை. உலகத்திலே யூதர்கள் வாழ்ந்த தேசங்களில் இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடியவை மிகச் சில. நமக்கு இதிலே பெருமைப்பட நியாயம் உண்டு.

1948ல் இஸ்ரேல் என்று ஒரு நாடு ஏற்பட்டது. 1950களில் கேரளத்து யூதர்கள், 2,000க்கும் மேற்பட்டவர்கள், ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனார்கள். துரத்தப்பட்டு அல்ல, ஆண்டாண்டாகப் பிரார்த்தனையில் சொல்லிக்கொண்டிருந்த ஊருக்குப் போகிறோம் என்று போனார்கள். மாளையில் இருந்தவர்கள் 1955ல் போனார்கள். வீட்டை விற்கலாம். கடையை விற்கலாம். ஜெப ஆலயத்தை என்ன செய்வது? அதைவிடப் பெரிய கேள்வி, இடுகாட்டை என்ன செய்வது? பாட்டனும் பூட்டனும் அங்கே படுத்திருக்கிறார்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். கட்டடத்தையும் கொடுத்தார்கள், ஏறத்தாழ நான்கு ஏக்கர் இடுகாட்டையும் கொடுத்தார்கள். இடுகாடு இடுகாடாகவே காக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சாயத்து ஒப்புக்கொண்டது. அவர்கள் போனார்கள்.

நாங்கள் போனபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். பெரிய புல்வெளி. தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடந்தது. அந்த நான்கு ஏக்கரிலும் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற கல்லறைகள் மூன்றே மூன்று. மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் காலடியில் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியை எடுத்து விளையாட்டரங்கம் கட்டியிருக்கிறார்கள். அதை ஊர்க்காரர்களிலேயே சிலர் ஆண்டுக்கணக்காக எதிர்த்து வந்திருக்கிறார்கள். எதிர்த்தவர்கள் யூதர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் யூதர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. எதிர்த்தவர்கள், தங்கள் ஊர் கொடுத்த வாக்கு தங்களையும் கட்டும் என்று நினைத்த சாதாரண ஜனங்கள்.

பையன்கள் சிலர் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஆடினார்கள். ஒரு சின்னப் பையன் பந்தை எடுக்க எங்கள் பக்கம் ஓடி வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பை நான் இங்கே எழுதாமல் விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அது நேர்மை ஆகாது.

சிநேகிதர் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஸார், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், கோர்ட்டில் நான் அந்தப் பக்கம்தான் வாதாடுவேன். ஆனால் நீங்கள் தர்மம் என்று பேச வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே யாருக்கு நஷ்டம்? செத்தவனுக்கு வலிக்காது. அவனுடைய பேரன் எங்கோ இருக்கிறான். இந்த இடத்தை அவன் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டான். இந்தப் பையனோ நம் கண் முன்னால் நிற்கிறான். இவனுக்கு ஓட இடம் வேண்டும். நஷ்டப்படுகிறவன் ஒருத்தனும் இல்லாத இடத்தில் பாவம் எங்கிருந்து வந்தது?"

இது லேசான கேள்வி அல்ல. செத்தவனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? கடமை என்றால் அதைப் பெற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா? ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுவதுபோல அல்லவா இருக்கிறது?

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஆபிரகாமின் கதை நினைவுக்கு வந்தது. கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆபிரகாமின் மனைவி சாராள் இறந்துபோகிறாள். அவன் இருந்ததோ அந்நிய தேசம். கடவுள் அவனுக்கு அந்தத் தேசத்தையே தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கையகல மண்கூட அவன் பேரில் இல்லை. அந்த ஊர்க்காரர்களிடம் போய், நான் உங்கள் நடுவில் வந்து தங்கியிருக்கிற பரதேசி, என் மனைவியை அடக்கம் செய்ய இடம் வேண்டும் என்று கேட்கிறான். எப்பெரோன் என்பவன், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஆபிரகாம் ஒப்பவில்லை. ஊரார் முன்னிலையில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து அந்தக் குகையையும் நிலத்தையும் வாங்குகிறான். அந்த வம்சத்தார் பூமியிலே விலைகொடுத்து வாங்கியதாக அவர்கள் வேதம் சொல்லுகிற முதல் நிலம், வீடு கட்டவும் அல்ல, பயிர் செய்யவும் அல்ல, ஒரு கல்லறைக்கு.

இனாமாகக் கிடைப்பதை ஏன் வேண்டாம் என்றான்? இனாமாகக் கொடுத்தவன் நாளைக்கு மனம் மாறினால் திரும்பக் கேட்பான். உயிரோடு இருக்கிறவன் எதிர்த்துப் பேசலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போகலாம். செத்தவன் இரண்டும் செய்ய மாட்டான். ஆகவே அவனுக்கு உறுதியான உரிமை வேண்டும். இதனால்தான் கல்லறை இறந்தவனுடையது, அவனை அங்கிருந்து எழுப்பக் கூடாது என்று யூத தர்மம் சொல்லுகிறது. இடுகாட்டை அவர்கள் 'நித்திய வீடு' என்கிறார்கள். 'உயிருள்ளவர்களின் வீடு' என்றும் ஒரு பெயர் உண்டு. கிழிந்துபோன வேதப் புத்தகங்களைக்கூட எரிக்க மாட்டார்கள், எறிய மாட்டார்கள், இடுகாட்டிலே புதைப்பார்கள்.

நம்மில் பலர் எரிக்கிறவர்கள். சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டால் நமக்கு இடம் தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் எள்ளும் தண்ணீரும் இறைத்தால் போதும். ஆகவே ஒரு துண்டு நிலத்துக்காக இத்தனை மன்றாடுவது நமக்குச் சட்டென்று விளங்காது. ஆனால் புதைக்கிறவர்கள் நம்மிலும் உண்டு. எரிக்கிறவர்கள்கூடச் சின்னக் குழந்தை செத்தால் புதைக்கத்தான் செய்கிறார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்லுகிறேன்.

யூதர்களிடம் இன்னொரு சொல் வழக்கு இருக்கிறது. இறந்தவனுக்குச் செய்கிற உதவியை அவர்கள் 'மெய்யான அன்பு' என்கிறார்கள். யாக்கோபு சாகும் தறுவாயில் தன் மகன் யோசேப்பைக் கூப்பிட்டு, என்னை எகிப்திலே புதைக்காதே என்று வாக்கு வாங்கிக்கொள்கிற இடத்திலிருந்து வந்தது இந்த வழக்கு. அது ஏன் மெய்யான அன்பு? உயிரோடு இருக்கிறவனுக்கு நாம் எதைச் செய்தாலும் அடிமனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு நான், நாளைக்கு அவன். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு நன்றியாவது சொல்லுவான். செத்தவன் நன்றிகூடச் சொல்ல மாட்டான். அவனுக்குச் செய்வதிலே மட்டுந்தான் கலப்படம் இல்லை.

என் சிநேகிதர் எதைக் குறையாகச் சொன்னாரோ, அதையே அந்த மக்கள் நிறையாகச் சொல்லிவிட்டார்கள். பெற்றுக்கொள்ள ஆள் இல்லையே என்கிறார் இவர். ஆள் இல்லாதபோது செய்வதுதான் உண்மையானது என்கிறார்கள் அவர்கள்.

இதை அழகான வார்த்தை என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். 1955ல் அதற்குச் சம்மதித்தவர்கள், 'நீங்கள் இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லவில்லை. 'நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். எதிரே நிற்கிறவனுக்குக் கொடுத்த வாக்கில் வாக்குக்குப் பாதிப் பலந்தான். மீதிப் பலம் அவன் நாளைக்கு வந்து சண்டை போடுவானே என்ற பயத்துக்கு. போகிறவனுக்குக் கொடுத்த வாக்கை அவன் போன பிறகுதான் காப்பாற்றவே முடியும். அவன் போய்விட்டானே என்பதை அதை மீறுவதற்குக் காரணமாகக் காட்டினால், அப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்கவே கூடாது.

இதைச் சொன்னேன். சிநேகிதர் சும்மா இருப்பாரா?

"சரி. அன்றைக்கு ஒப்புக்கொண்டவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள், ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பையன் ஒப்புக்கொண்டானா? இவன் அப்பனாவது பிறந்திருப்பானா? பிறக்காதவனைக் கட்டிப்போட யாருக்கு அதிகாரம்? சந்திரன் உள்ள வரைக்கும் என்று ராஜா எழுதிவிட்டால் சந்திரனுக்கு என்ன கவலை?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இரவு ரயிலில் மேல் படுக்கையில் கண் விழித்துக் கிடந்தபோது ஒன்று தோன்றியது. காலையில் பாலக்காட்டுக் கணவாய் எல்லாம் தாண்டி, ஏதோ ஒரு ஸ்டேஷனில் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நியாயம் உண்டு. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அப்பன் விட்டுப்போன நிலத்தை அனுபவிக்கிறவன், கடனை மட்டும் நான் வாங்கவில்லை என்று சொல்லக் கூடாது. சொத்து வேண்டாம் என்கிறவனுக்குக் கடனும் வேண்டாம். சொத்தை எடுத்துக்கொண்டால் கடனையும் எடுத்துக்கொண்டாய். அந்த ஊரார் 1955ல் ஒரு கட்டடத்தைப் பெற்றுக்கொண்டார்கள். நான்கு ஏக்கர் மண்ணைப் பெற்றுக்கொண்டார்கள். அவை காசுக்கு விற்கப்பட்டவை அல்ல; நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டவை. ஊர் என்பது அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட ஐந்தாறு பேர் அல்ல. மனிதர்கள் சாவார்கள், ஊர் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த யூதர்கள் தனி ஆள் ஒருவரிடம் கொடுக்காமல் பஞ்சாயத்திடம் கொடுத்தார்கள். பையன் கையெழுத்துப் போடவில்லைதான். ஆனால் இந்த இடம் எங்கள் ஊருடையது என்று அவன் சொல்லுகிறபோது, அவனையறியாமலே அந்த ஒப்பந்தத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

"அப்படியானால் பையன் விளையாடக் கூடாது என்கிறீர்களா?"

விளையாட வேண்டும். அவனுக்கு ஒரு மைதானம் வாங்கித் தர வேண்டியது பெரியவர்களின் கடமை. ஆனால் அந்தச் செலவை, வாய் பேசாதவனின் தலையில் கட்டுவதுதான் தவறு. நாம் எப்போதுமே அப்படித்தான் செய்கிறோம். ஊருக்கு ரோடு வேண்டுமா? ஏழையின் குடிசையைப் பிரி. ஏழை கொஞ்சம் சத்தம் போடுகிறானா? செத்தவன் இருக்கிறானே, அவன் சத்தமே போட மாட்டான். யாருடைய பங்கை எடுத்தால் எதிர்ப்பு வராதோ, அவன் பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பொது நன்மை என்று பெயர் வைக்கிறோம். இந்தப் பழக்கம் இடுகாட்டோடு நிற்காது. வாயில்லாத குளம், வாயில்லாத மரம், வாயில்லாத மனிதன் என்று போய்க்கொண்டே இருக்கும்.

சிநேகிதர் காப்பியைக் குடித்து முடித்து, "பெட்டிஷன் எழுதலாம்" என்றார். வக்கீல் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இங்கே வேறொரு தேசத்து இடுகாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலந்து நாட்டில் விஸ்துலா நதிக்கரையில் காசிமியெஷ் டோல்னி என்று ஒரு சின்ன ஊர். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன் போலந்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சின்ன ஊர் யூதர்களும் அப்படியே. அவர்கள் இடுகாட்டுக் கற்களை ஜெர்மானியர் பெயர்த்தெடுத்து, தங்கள் ரகசியப் போலீஸ் குடியேறியிருந்த மடத்தின் முற்றத்தில் தளமாகப் பாவினார்கள். பெயர் வெட்டிய கல்லின் மேல் பூட்ஸ் காலோடு நடந்தார்கள். யுத்தம் முடிந்து வெகு காலத்துக்குப் பிறகு, 1984ல், உடைந்த அந்தக் கற்களைச் சேர்த்து இடுகாட்டிருந்த இடத்திலே ஒரு நீண்ட சுவராக எழுப்பினார்கள். சுவரின் நடுவில், மேலிருந்து கீழ் வரைக்கும், கோணல்மாணலாக ஒரு பிளவு விட்டிருக்கிறார்கள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிளவு என் மனத்தை விட்டுப் போகவில்லை.

புதுப்பித்தல் என்றால் பழையபடி ஆக்குவது என்று நினைக்கிறோம். கல்லைத் தேய்த்துக் கழுவி, எழுத்துக்கு மை பூசி, ஒன்றுமே நடக்காததுபோல ஆக்கிவிடுவது. அந்தச் சுவரைக் கட்டினவர் அப்படிச் செய்யவில்லை. கற்களைச் சேர்த்தார், சேர்க்க முடியாததைச் சேர்க்க முடியாததாகவே காட்டினார். மறுபடி எழுப்புவதிலே இப்படியும் ஒரு நாணயம் இருக்கிறது.

போலந்தையும் மாளையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. அங்கே மனிதர்களைக் கொன்றுவிட்டுக் கல்லைப் பெயர்த்தார்கள். இங்கே வழியனுப்பிவிட்டு மறந்தார்கள். ஆனால் என்னைக் கலங்க வைப்பது அந்த வித்தியாசந்தான். ஓர் இடுகாடு அழிவதற்கு வெறுப்பு வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெறுப்பே வேண்டாம்; ஆட்டுக்குப் புல்லும், பையனுக்கு மைதானமும், பெரியவர்களுக்குக் கொஞ்சம் மறதியும் இருந்தால் போதும். நம் ஊர்களில் முன்னோர் நட்ட நடுகல்லின் மேல் துணி துவைக்கிறோமே, அந்த வீரன் மேல் நமக்கு என்ன விரோதம்?

மாளைக்குப் பக்கத்திலேயே, சேந்தமங்கலத்தில், வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அங்கே பழைய ஜெப ஆலயத்தைப் பழுதுபார்த்து, கேரள யூதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு கல் நிற்கிறது. 1269ம் ஆண்டின் கல்லறைக் கல். எபிரேய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்: இஸ்ரவேலின் மகள் சாராள். இந்தியாவில் கிடைத்திருக்கிற எபிரேயக் கல்லெழுத்துகளில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். அவள் யார், என்ன வயது, எப்படிச் செத்தாள், ஒன்றும் தெரியாது. ஆபிரகாம் வெள்ளி நிறுத்துக் கொடுத்து அடக்கம் செய்த பெண்ணின் பெயரும் சாராள்தான். ஏழரை நூற்றாண்டாக இந்த சாராளின் பெயர் இருக்கிறது. அவள் எலும்பு எங்கே இருக்கிறதோ, அந்தக் கல் அங்கே இல்லை.

இதிலும் ஒரு சங்கடம். கல்லைக் காத்தது நல்லதுதான். நானே அதைப் பார்க்கிறவர்களில் ஒருவன். ஆனால் இப்போதெல்லாம் பழைய இடங்களைப் புதுப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், உடனே வருகிற அடுத்த வாக்கியம், 'சுற்றுலாப் பயணிகள் வருவார்கள்' என்பதுதான். வெளிநாட்டிலிருந்து வருவார்கள், ஓட்டல் நடக்கும், ஆட்டோ ஓடும். எல்லாம் நியாயமே. ஆனால் அதற்காகத்தான் ஓர் இடுகாட்டைக் காக்க வேண்டும் என்றால், வரவு குறைகிற வருஷத்தில் என்ன செய்வோம்? டிக்கெட் விற்காத கல்லறையை மூடிவிடுவோமா? இலாபத்துக்காகக் காப்பாற்றிய வாக்கு, நஷ்டம் வருகிற அன்றைக்கு உடைந்துபோகும். மாளையில் புல் வெட்டி, வேலி போட்டு, இருக்கிற மூன்று கல்லறைகளையும் அப்படியே விட்டுவைத்தால் போதும். பளிங்கு வேண்டாம், நினைவு மண்டபம் வேண்டாம். காணாமல் போனவர்களின் இடத்தில் புல் இருக்கட்டும். அந்தப் புல்வெளிதான் அந்த ஊரின் பிளவுபட்ட சுவர்.

இத்தனையும் எழுதிவிட்டு, பஞ்சாயத்துக்கு உபதேசம் செய்த திருப்தியோடு பேனாவை மூடிவிட்டிருப்பேன். முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபது வயது இருக்கும். எங்கள் தெருவில், பக்கத்து வீட்டில், ஒரு நெசவுக் குடும்பம். அந்த அக்காவின் ஆறு வயதுப் பையன் வாய்க்காலில் விழுந்து செத்துப் போனான். வாய்க்கால் மேட்டிலேயே ஒரு வேலமரத்தின் அருகில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லை வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் தறி நின்றது. பனியன் கம்பெனி வேலைக்காக அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் புறப்பட்டது. சாமான்களை வண்டியில் ஏற்றியான பிறகு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, நீ ஊரிலேதானே இருப்பே? ஆடி அமாவாசைக்கு ஒரு தடவை போய் அந்த எடத்திலே முள்ளு மண்டாம வெட்டி விடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சரிக்கா" என்றேன்.

இரண்டு ஆடிக்கு வெட்டினேன். மூன்றாவது ஆடியில் நான் சென்னையில் இருந்தேன். கதைகள் எழுதினேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பற்றிக்கூட ஒரு கதை எழுதி, வாசகர்கள் கண் கலங்கியதாகக் கடிதம் போட்டார்கள். முள் வெட்டப் போகவில்லை. அந்தப் பஞ்சாயத்து மறந்தது பலர் சேர்ந்து, பல வருஷத்தில். நான் தனி ஆளாக, மூன்றே வருஷத்தில் மறந்தவன். என்னிடம் யாரும் ஒப்பந்தம் எழுதி வாங்கவில்லை. ஆகவே எந்தச் சிநேகிதராலும் என் மேல் பெட்டிஷன் எழுத முடியாது.

இந்த ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போனேன். வாய்க்கால் மேட்டில் எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம். அந்தப் பழைய வேலமரத்தைக் காணோம். அரை மணி நேரம் சுற்றினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"நெசவுக்காரன் புள்ளையா? அந்தா, அந்தக் கல்லு" என்று கையைக் காட்டினாள்.

கல்லைச் சுற்றி நாலடிக்கு முள் இல்லை. நான் ஆச்சரியப்பட்டுப் பார்த்ததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"நான்தான் வெட்டிப் போடுவேன். உட்காரக் கல்லு வேணுமே; முள்ளு குத்தாதா?"

அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பையனுக்காகவும் வெட்டவில்லை. அவன் தலைமாட்டுக் கல்லின் மேல்தான் தினமும் உட்காருகிறாள். எந்தத் தர்மசாஸ்திரத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. வாக்குக் கொடுத்தவன் செய்யாததை, கொடுக்காதவள் தன் சௌகரியத்துக்காகச் செய்திருக்கிறாள். அதனால் என் கடன் தீர்ந்துவிட்டது என்று மட்டும் என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அக்காவுக்குத் தகவல் சொல்லலாம் என்றால் திருப்பூர் விலாசம் என்னிடம் இல்லை.

கிழவியிடம் அரிவாளை வாங்கி, இன்னும் நாலடி வெட்டினேன். பழக்கமில்லாத கை, முள் கிழித்துவிட்டது. அவள் கல்லிலிருந்து எழுந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த ஆடிக்கும் வருகிறேன் ஆத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லாமலே வந்து பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.